மாப்பிள்ளை பார்க்க மட்டாஞ்சேரிக்கு

எர்ணாகுளத்தில் ரயிலை விட்டு இறங்கியதும் என் மனைவி சரசு சொன்ன முதல் வாக்கியம், “இந்த ஊர்ல துணி எப்படிங்க காயும்?” என்பது. அவளைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் சங்கரன்கோவிலில் வேட்டியை உதறிக் கொடியில் போட்டுவிட்டுத் திரும்புவதற்குள் அது அப்பளமாகியிருக்கும். இங்கே மழை விட்டிருந்த நேரத்திலும் காற்றைப் பிழிந்தால் ஒரு செம்பு தண்ணீர் தேறும் போலிருந்தது. ஜவுளிக்கடைக்காரனான எனக்கு வேறு கவலை. இந்த ஈரத்தில் சரக்கைப் பூஞ்சை பிடிக்காமல் எப்படி வைத்திருக்கிறார்கள்? அங்கே பிராட்வே என்ற கடைத்தெருவில் ஒரு துணிக்கடைக்குள் நுழைந்து கேட்டேவிட்டேன். “பூஞ்சை பிடிக்கும்வரை இங்கே எந்தத் துணியும் கடையில் இருப்பதில்லை, அதற்குள் விற்றுவிடும்” என்று மலையாளத்தில் சொல்லிச் சிரித்தார் கடைக்காரர். எனக்கு வயிறு எரிந்தது.

நாங்கள் வந்தது ஊர் பார்க்க என்றுதான் லாட்ஜில் சொல்லியிருந்தோம். உண்மையில் வந்தது ஒரு மாப்பிள்ளையைப் பார்க்க. அதுவும் அவனுக்குத் தெரியாமல்.

பெண் என் அக்கா மகள் கோமதி. அத்தான் தவறிய பிறகு அவள் கல்யாணம் என் பொறுப்பு. அதுவரை நான்கு வீட்டார் வந்து அவளைப் பார்த்திருந்தார்கள். நான்கு முறையும் அவள் தட்டில் கேசரியும் காபியும் வைத்துக்கொண்டு தலை குனிந்து வந்து நின்றாள். பாடத் தெரியுமா, கோலம் போடத் தெரியுமா, கொஞ்சம் நடந்து காட்டு என்றெல்லாம் கேட்டார்கள். நான்காவது கூட்டம் இரண்டாம் தடவை கேசரி வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று போனது. போனது போனதுதான். அன்று ராத்திரி கோமதி என்னிடம் வந்து, “மாமா, இனிமே நான் யார் முன்னாலயும் தட்டைத் தூக்கிட்டு வர மாட்டேன். அடுத்த தடவை நான் போய்ப் பாத்துட்டு வாரேன்” என்றாள். அக்கா அழுதாள். எனக்கோ அந்தப் பெண்ணின் கோபம் ரொம்பப் பிடித்துப்போனது. என் ரத்தமல்லவா.

அந்த நேரத்தில் தரகர் கொண்டுவந்த வரன்தான் மாரியப்பன். அவன் அப்பா திருநெல்வேலிப் பக்கமிருந்து மட்டாஞ்சேரி மிளகுக் கிடங்குக்கு வேலைக்குப் போய் அங்கேயே குடியேறிக் காலமானவர். பையன் பிறந்து வளர்ந்தது எல்லாம் கொச்சி. ஒரு சுற்றுலா ஆபீஸில் தமிழ்ப் பயணிகளுக்கு ஊர் சுற்றிக் காட்டும் வழிகாட்டி வேலை. இதைக் கேட்டதும் எனக்குப் பொறி தட்டியது. இவனை நாள் முழுவதும் நிற்க வைத்து, நடக்க வைத்து, பேச வைத்துப் பார்க்கலாம். எதுவும் கேட்க வேண்டியதில்லை. டிக்கெட் வாங்கினால் போதும்!

எர்ணாகுளம் வந்த மறுநாள் காலை படகுத்துறையில் அவன் என்னையும் சரசுவையும் கோமதியையும் கூட்டத்தோடு கூட்டமாக வரவேற்றான். சுமார் உயரம், சிரித்த முகம், காதை மூடிய முடி, அந்தக் காலத்து பெல்பாட்டம் கால்சட்டை. அந்த ஒரு காலில் விட்டிருந்த துணியில் ஒரு ஜாக்கெட் தைக்கலாம்.

“நமஸ்காரம். என் பேரு மாரியப்பன். இன்னைக்கு முழுக்க நான்தான் உங்க கைடு. எல்லாரும் பதுக்கெ படகில் ஏறணும், பேடிக்க வேண்டாம் கேட்டோ” என்றான்.

“பேடியா? யாரைப் பேடிங்கான்?” என்று சரசு என் விலாவில் இடித்தாள். மெதுவாக ஏறுங்கள், பயப்பட வேண்டாம் என்கிறான் என்று நான் விளக்கினேன். அவளுக்குத் திருப்தி இல்லை. கால்சட்டை ஒன்று, தமிழ் இரண்டு என்று அவள் மனதுக்குள் விரல் மடக்க ஆரம்பித்துவிட்டாள்.

கூட்டத்தில் பாதிப் பேர் கோயமுத்தூர்க்காரர்கள். தண்ணீரைக் குடத்திலும் குழாயிலும் மட்டுமே பார்த்துப் பழகிய ஜனங்கள் நாங்கள். வலப்பக்கம் ஒரு பெரிய கப்பல் தெரிந்ததும் அத்தனை பேரும் “அதோ கப்பல்!” என்று அந்தப் பக்கம் ஓடினோம். நானும்தான். படகு ஒரு சாய்வு சாய்ந்தது பாருங்கள், என் செருப்பு தண்ணீரில் நனைந்தது. படகோட்டி மலையாளத்தில் எங்கள் முன்னோர்களை விசாரித்தார். மாரியப்பன் ஒரு கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, “எல்லாரும் அவங்கவங்க எடத்துல இருக்கணும்! தயவு செஞ்சு இருக்கணும்!” என்று கத்தினான். முகத்தில் ரத்தமே இல்லை.

படகு நேரானது. கோமதி அவனுக்குப் பக்கத்து இருக்கையில்தான் இருந்தாள். என் காது அந்தப் பக்கம் நீண்டது.

“ஒங்களுக்கு நீச்சல் தெரியுமா?” என்று கேட்டாள் அவள்.

அவன் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டான். பிறகு குரலைத் தாழ்த்தி, “தெரியாது. ஆபீஸ்ல ஆருக்கும் அது தெரியாது. நீங்க சொல்லிடாதீங்க கேட்டோ” என்றான்.

“சொல்ல மாட்டேன்.”

“உங்களுக்குத் தெரியுமோ?”

“தோட்டத்துக் கெணத்துல குதிச்சுப் படிச்சது.”

“அப்போ படகு கவிழ்ந்தா நான் உங்களைத்தான் பிடிச்சுக்குவேன்” என்று சொல்லிவிட்டு அவன் முன்பக்கம் போய், துறைமுகம் வெட்டிய கதையை மிகவும் தைரியமான குரலில் சொல்ல ஆரம்பித்தான். கோமதி தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சிரித்தாள்.

சரசு மூன்றாவது விரலை மடக்கினாள். “தெனமும் படகுல போற வேலை. நீச்சல் தெரியலையாம். இவனை நம்பிப் புள்ளைய அனுப்பச் சொல்லுதீயளா?” எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

போர்ட் கொச்சியில் இறங்கியதும் சீன வலைகள். நான்கு மூங்கில் கால்களில் தொங்கும் வலையைத் தண்ணீருக்குள் இறக்கி, கல் கட்டிய கயிறுகளை இழுத்துத் தூக்குகிறார்கள். வெளியூர்க்காரர்களையும் ஒரு கை பிடிக்க விடுகிறார்கள். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். உள்ளங்கை தோல் உரிய இழுத்ததில் வந்தவை: கையளவு பொடி மீன், ஒரு நண்டு, ஒரு ஒற்றைச் செருப்பு. “இந்தச் செருப்புக்கு ஜோடி நாளைக்கு வரும், இருந்து இழுங்க சேட்டா” என்று வலைக்காரர் ஒருவர் மலையாளத்தில் சொல்ல, கோயமுத்தூர்க் கூட்டம் கொல்லென்று சிரித்தது. என் மரியாதை அங்கேயே மீனோடு மீனாகப் போயிற்று.

அடுத்தது பழைய தேவாலயம். கடல் தாண்டி வந்த போர்ச்சுகீசியக் கப்பல் தலைவனை முதலில் புதைத்த இடம் அங்கே இருக்கிறது. பிறகு எலும்புகளை அவர்கள் ஊருக்கே எடுத்துப் போய்விட்டார்களாம். ஆள் இல்லாத குழியைச் சுற்றி வேலி போட்டு வைத்திருக்கிறார்கள். நாங்களும் வரிசையாக நின்று இல்லாத ஆளைப் பார்த்துவிட்டு வந்தோம். நான் மாரியப்பனை மடக்கிப் பார்க்கலாம் என்று, “எலும்பை எடுத்துக்கிட்டுப் போனப்ப கூட எத்தனை பேர் போனாங்க?” என்று கேட்டேன்.

“அது எனக்குத் தெரியாதே” என்றான். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் வழிகாட்டியை நான் எந்த ஊர்க் கோயிலிலும் பார்த்ததில்லை. இதை நல்லது என்று எழுதுவதா கெட்டது என்று எழுதுவதா என்று எனக்குக் குழப்பமாகிவிட்டது.

வெளியே ஒரு கடையில் சாயா குடித்தோம். கண்ணாடி டம்ளரில் ஆளுயரத்துக்கு ஆற்றித் தருகிறார்கள். கூடவே ஏத்தங்காய் வறுவல், தேங்காய் எண்ணெயில் பொரித்தது. ஒரு கோயமுத்தூர்ப் பெரியவர் தமிழ்ப் பத்திரிகை ஒன்றை நீட்டி, ஒரு துணுக்கைப் படிக்கச் சொன்னார். மாரியப்பன் எழுத்தெழுத்தாக விரல் வைத்துப் படித்தான். “பேசறது பழக்கம், வாசிக்கறது மலையாளம்தான் வேகமா வரும்” என்று வெட்கமாகச் சிரித்தான். சரசுவிடம் விரல்கள் தீர்ந்துகொண்டு வந்தன.

அங்கிருந்து எங்களை மட்டாஞ்சேரிக்குக் கொண்டுபோன வேன் பாதி வழியில் மாட்டிக்கொண்டது. பஜார் ரோட்டில் இரண்டு லாரிகள் எதிரெதிரே நிற்க, நடுவில் கைவண்டிகள், மூட்டை இறக்கும் தொழிலாளர்கள், ஒரு ஆடு. ஹாரன் அடித்துப் பார்த்தார் டிரைவர். மூட்டை சுமந்தவர் ஒருவர் மூட்டையோடு நின்று திரும்பி, “ஹாரன் அடித்தால் மூட்டை தானாக இறங்குமா?” என்ற அர்த்தத்தில் ஏதோ கேட்டார். எங்கள் ஊரில் இந்நேரம் கைகலப்பு ஆகியிருக்கும். இங்கே டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு பீடி பற்றவைத்தார். நாங்கள் இறங்கி நடந்தோம்.

அந்த நடையைத்தான் நான் இன்றைக்கும் மறக்கவில்லை. இரண்டு பக்கமும் கிடங்குகள். ஒரு வாசலில் மிளகு, அடுத்ததில் ஏலம், அடுத்ததில் மலையாகக் குவித்த சுக்கு. பெண்கள் முறத்தில் புடைத்துக்கொண்டிருந்தார்கள். கோயமுத்தூர்க்காரர்கள் ஒருவர் விடாமல் தும்மினார்கள். மாரியப்பனைப் பார்த்து வாசலுக்கு வாசல், “மாரியே, இன்னு எவிடுந்நா ஆளுகள்?” என்று விசாரித்தார்கள். எங்கிருந்து ஆட்களைக் கூட்டி வருகிறாய் என்று கேள்வி. அவன் நடந்துகொண்டே குஜராத்திச் சேட்டுக்குக் குஜராத்தியிலும், கொங்கணிப் பாட்டிக்குக் கொங்கணியிலும், எங்களுக்குத் தமிழிலும் பேசிக்கொண்டு வந்தான். எந்த மொழியும் ஒழுங்காக இல்லை என்று நினைக்கிறேன். ஆனால் எல்லாரும் சிரித்தார்கள்.

டச்சு அரண்மனையைக் கட்டியவர்கள் போர்ச்சுகீசியர்களாம். ராஜாவுக்குக் கொடுத்தார்கள். பின்னால் வந்த டச்சுக்காரர்கள் பழுது பார்த்தார்கள், பேர் அவர்களுடையதாகிவிட்டது. எங்கள் தெருவில் வெள்ளையடித்தவன் பேர் வீட்டுக்கு வந்ததாகச் சரித்திரம் இல்லை. உள்ளே சுவர் முழுக்க ராமாயணம். ஒரு அங்குலம் விடாமல் வரைந்திருக்கிறார்கள். சரசு கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

“கீழேயும் ஒரு ரூம் உண்டு. அங்கே... வெளிச்சம் கொஞ்சம் குறைவு” என்று மாரியப்பன் கூட்டத்தைத் திருப்பப் பார்த்தான். அதற்குள் கோமதி படியிறங்கிப் போய்விட்டாள். கிருஷ்ணனும் கோபியரும் அங்கே எப்படியெல்லாம் இருக்கிறார்கள் என்பதைப் பிறகு நான் போய்த் தெரிந்துகொண்டேன். அவள் மேலே வந்தபோது மாரியப்பனின் முகம் சிவந்திருந்தது. “வெளிச்சம் நல்லாத்தான் இருக்கு” என்றாள் அவள்.

யூதர் தெருவில் அவர்களுடைய கோயிலுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். “நம்ம கோயில் மாதிரியே!” என்று சரசு முதல் தடவையாக முகம் மலர்ந்தாள். தரை முழுக்க நீலப் பூப்போட்ட சீனத்து ஓடுகள். ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை, வேண்டுமானால் தேடிப் பாருங்கள் என்றான் மாரியப்பன். நான் பார்டர் டிசைன் பார்த்தே பிழைப்பவன். குனிந்து தேடி, இரண்டு ஓடுகள் அச்சாக ஒன்று என்று காட்டினேன். அவன் மண்டியிட்டு இதையும் அதையும் மாறி மாறிப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, “நாளை முதல் ஏறக்குறைய எதுவும் ஒண்ணு போல இல்லைன்னு சொல்றேன்” என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்னைப் போன்ற கோபக்காரனைச் சிரிக்க வைப்பது சுலபமில்லை.

மணி இரண்டைத் தாண்டிவிட்டது. பசி காதை அடைத்தது. வாசலில் நின்று மாரியப்பன் அறிவித்தான். “இனி ஊணு. ஹோட்டல் இல்ல, நம்மட வீடு. தமிழ் ஆளுங்க வந்தா எங்க அம்மாதான் சமைக்கும். ஆபீஸ் ஏற்பாடு. நல்லெண்ணெய்தான், பேடிக்க வேண்டாம்.”

கோயமுத்தூர்க் கூட்டம் கை தட்டியது. சரசு என் முழங்கையைப் பிடித்த பிடியில் வளையல் பதிந்தது. “ஐயோ, கை நனைக்கக் கூடாதே!”

எங்கள் பக்கத்து வழக்கம் அது. மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்தால் காபி பலகாரம் சாப்பிடலாம், அது கணக்கில் வராது. பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டுக்குப் போனால் அந்தச் சலுகை கிடையாது. அங்கே இலை போட்டுக் கை நனைத்துவிட்டால் சம்மதம் சொன்னதாக அர்த்தம். வேண்டாம் என்ற எண்ணம் இருந்தால், யோசனை இருந்தால்கூட, பச்சைத் தண்ணீர் குடிக்காமல் எழுந்து வந்துவிட வேண்டும். இந்தச் சட்டத்தை யார் போட்டார்களோ, மட்டாஞ்சேரியில் மதியம் இரண்டு மணிக்கு அவர்கள் பட்டினியாக நின்றிருக்க மாட்டார்கள். வீட்டில் சமையல் உண்டு என்று ஒரு வார்த்தை சொல்லாத தரகரை நான் மனதுக்குள் வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

கிடங்குகளுக்குப் பின்னால் ஒரு சந்தில் ஓட்டு வீடு. நுழையும்போதே தாளிப்பு வாசம் ஆளைத் தூக்கியது. புளிக்குழம்பு, அவியல், ரசம், கூழ்வத்தல். இரண்டு நாளாகத் தேங்காய் எண்ணெயிலேயே நீந்திக்கொண்டிருந்த என் நாக்கு கண்ணீர் விட்டது. கூட்டம் வரிசையாக உட்கார்ந்தது. நாங்கள் மூவர் மட்டும் சுவரோரம் நின்றோம்.

மாரியப்பனின் அம்மா இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு வந்தார். “நீங்க இருக்கலையா?”

“எனக்கு வயிறு சரியில்லை” என்றேன்.

“அதுக்கென்ன, சீரகத் தண்ணி கொதிக்க வச்சுத் தாரேன். ரெண்டு மடக்குல சரியாப் போயிரும்.”

“அதுகூட வேண்டாம்மா.”

“இவங்களுக்கு?”

“விரதம்” என்றாள் சரசு.

“வியாழக்கிழமை என்ன விரதம்?”

“குரு விரதம்.”

“அப்போ பாலும் பழமும் சாப்பிடலாமே. வாசல்லயே பழம் இருக்கு.”

“தண்ணிகூடக் கூடாது.”

அந்த அம்மாள் என்னைப் பார்த்தார், சரசுவைப் பார்த்தார், கடைசியில் கோமதியைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். “எந்த ஊரு?”

“மதுரை” என்று நான் புளுகினேன்.

“மதுரைக்காரங்க இப்படி இழுத்துப் பேச மாட்டாங்களே” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு உள்ளே போனார். அவரும் எங்கள் பக்கம் பிறந்தவர்தானே. தன் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூட வேண்டாம் என்று நிற்கிறவர்கள் யார் என்று அவருக்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. சங்கரன்கோவிலில் ஒரு பெண் இருக்கிறாள் என்று தரகர் அங்கேயும் சொல்லியிருந்தார். அம்மாள் திரும்பி வந்தபோது சேலை மாறியிருந்தது. அரக்குப் பட்டு, பெட்டி மடிப்புக்கூடக் கலையவில்லை. கோயமுத்தூர்க்காரர்கள், ரசம் பரிமாறப் பட்டுச்சேலையா என்று பார்த்தார்கள்.

அடுக்களையில் ஏதோ பாத்திரம் விழுந்தது. மகனிடமும் சொல்லியாகிவிட்டது என்று தெரிந்துகொண்டேன்.

சரசு என் காதில், “எனக்குப் பிடிக்கலைங்க. எழுதப் படிக்கத் தெரியலை, நீச்சல் தெரியலை, பேச்சும் ஒரு மாதிரி. வாங்க, வெளியே நிக்கலாம்” என்றாள். எனக்குக் கால் வரவில்லை. இவனை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. சரி என்று சொல்லவும் பயமாக இருந்தது. வாழப்போகிறவள் நானில்லையே.

அப்போது மாரியப்பன் வந்தான். கையில் ஒரு தட்டு, அதில் ஒரு டம்ளர் தண்ணீர். காலையிலிருந்து வாய் மூடாமல் பேசியவன் தலையைக் குனிந்துகொண்டு கோமதியின் முன்னால் நின்றான். நான்கு தடவை அவள் தூக்கிக்கொண்டு நின்ற தட்டு.

கோயமுத்தூர்க் கூட்டம்கூடச் சாப்பிடுவதை நிறுத்திவிட்டது. ஏதோ நடக்கிறது என்று மட்டும் அவர்களுக்குப் புரிந்தது.

கோமதி அந்தத் தட்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கேள்வியில்லை அந்தப் பார்வையில், தகவல்தான். நான் தலையை ஆட்டினேன். அவள் டம்ளரை எடுத்து ஒரே மூச்சில் தண்ணீரைக் குடித்தாள். பின்கட்டுக்குப் போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்து, காலியாக இருந்த இலைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

“ஏட்டி, நல்லா யோசிச்சியா?” என்றாள் சரசு.

“யோசிச்சாச்சு அத்தை. நீங்களும் வாங்க.”

“விரதம் முடிஞ்சுதா?” என்று பட்டுச் சேலை கேட்டது.

“முடிஞ்சுது” என்று சொல்லிவிட்டு சரசு மூக்கை உறிஞ்சிக்கொண்டு கை கழுவப் போனாள். நான் அதற்கு முன்பே உட்கார்ந்துவிட்டேன்.

மாரியப்பன் சோற்று வாளியோடு வந்து, கோமதியின் இலையில் கரண்டியைக் கவிழ்த்தான். பாதி இலைக்கு வெளியே விழுந்தது. நான்கு வீட்டார் முன்னால் தலை குனிந்து நின்ற பெண், நிமிர்ந்து அவன் முகத்தை நேராகப் பார்த்து, “இன்னும் கொஞ்சம் போடுங்க” என்றாள்.